பல் வைத்த பாதையில் மூன்று பாடல்கள்

என் அக்காள் எங்கள் மலைச் சரிவில் ஏறும்போது பதினோரு இடங்களில் நிற்பாள். நின்ற இடத்திலெல்லாம் ஒரு பாட்டுப் பாடுவாள்.

குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதை முடிகிற இடத்தில் எங்கள் குடும்பத்து ஏலத்தோட்டம் தொடங்குகிறது. அடிவாரத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர். உச்சியில், ஒரு நாவல் மரத்தின் நிழலில், கூரையும் சுவரும் இல்லாத ஒரு சிவலிங்கம். ஆண்டின் முதல் காய் எடுப்புக்கு முன்பு அங்கே ஏறி விளக்கு வைத்துவிட்டுத்தான் செடியில் கை வைப்போம். போகிற வழி ஒற்றையடிப் பாதை. மலையை நேருக்கு நேர் எதிர்க்கத் துணியாமல் இடமும் வலமுமாக வளைந்து, அதை ஏமாற்றுவதுபோல் ஏறும். வளைவுகளில் பதினோரு பாறைகள் கிடக்கின்றன. பாறைக்கு ஒரு பாட்டாக ஒரு பதிகத்தைப் பாடி முடிக்கும்போது உச்சி வந்திருக்கும். இந்த முறையை யார் தொடங்கினார்கள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. மூச்சு வாங்க நின்றவர்கள், இறைவனை நோக்கிப் போகும் வழியில் வெறுமனே நிற்க வெட்கப்பட்டுப் பாடியிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எட்டாம் பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதாம் பாறையை நோக்கிப் போகையில், அக்காள் ஈர மண்ணில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். மதுரையில் அறுவை நடந்தது. அதன்பின் கீழே சிலமலை ஊரில் உள்ள வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடமாடுகிற அளவுக்குத் தேறினாள். மலை அவளுக்கு மறுக்கப்பட்டது.

வலியைவிட வேறொன்று அவளை வாட்டியது. எங்கள் வீட்டில் எடுத்த பதிகத்தை இடையில் விடுவதில்லை. வாசலில் ஆள் வந்து நின்றாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் கடைசிப் பாட்டு முடிந்துதான் எழுவோம். அவளுடைய பதிகமோ எட்டோடு நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் ஒரு பாட்டும் பாடவில்லை. பிரதோஷ நாளில் நான் பக்கத்தில் அமர்ந்து அடியெடுத்துக் கொடுத்தாலும் உதடு அசையாது. ஒருநாள் காரணத்தைக் கேட்டேன்.

"மூணு பாட்டு மலையில கெடக்கு அப்பு" என்றாள். "அத எடுக்காம வேற பாட்டு வாயில வர மாட்டேங்குது."

வீட்டிலேயே அந்த மூன்றையும் பாடி முடித்துவிடலாமே என்றேன். விழுந்த இடத்தில் தேடாமல் வேறு இடத்தில் தேடுகிற ஒருவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். எண்பத்திரண்டு வயது. எனக்கு எழுபத்தாறு. இன்னும் எத்தனை முதல் எடுப்புகள் எங்களுக்கு உண்டு என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தை மாதத்தில், கொங்கு நாட்டுக் கோயில்கள் சிலவற்றைத் தரிசித்துவிட்டு, உதகைக்குப் போகும் மலை ரயிலில் ஏறினேன். போடிக்கு வரும் ரயிலையே வாழ்நாளெல்லாம் பார்த்தவன் நான். எங்கள் ரயில் மலையைக் கண்டதும் நின்றுவிடும். மேற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் நீலத்தைப் பார்த்துக்கொண்டே இளைப்பாறிவிட்டு வந்த வழியே திரும்பும். அதனால் ரயில் என்பது சமவெளியின் வாகனம் என்றே மனத்தில் பதிந்திருந்தது. உதகை ரயிலோ கல்லாற்றைத் தாண்டியதும் தன் நடையை மாற்றிக்கொண்டது. தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தோன்றின. இஞ்சினின் அடிவயிற்றில் உள்ள பல் சக்கரம் அவற்றில் ஒவ்வொரு பல்லாகப் பதிந்து ஏறியது. இரும்பின்மேல் இரும்பு எளிதாக உருள்வது சமவெளியில் வரம். செங்குத்தில் அதுவே கேடு. சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். பன்னிரண்டடி முன்னே போவதற்குள் ஓரடி மேலே போகவேண்டிய இடத்தில், உருண்டு ஏற முடியாது, பற்றித்தான் ஏற முடியும்.

மலையை வெல்ல மனிதன் கண்ட வழிகளை அந்தப் பெட்டியில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவு தெரியாமல் நீண்ட வழியில் ஏறுவது ஒன்று. எங்கள் ஒற்றையடிப் பாதை செய்வது அதைத்தான். முன்னே ஓடி, நின்று, பின்னோக்கி மேலே ஓடி, மறுபடியும் நின்று, இப்படி மாறி மாறிப் படியேறுவது இன்னொன்று. மேலிருந்து வடம் கட்டி இழுப்பது மற்றொன்று. வெள்ளைக்காரர் காலத்தில் குரங்கணி மலைக்கு மேலே கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் இறங்கின என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான்காவது இந்தப் பல். இன்னொன்றையும் கவனித்தேன். இஞ்சின் முன்னால் இல்லை. பெட்டிகளின் பின்னால், பள்ளத்தின் பக்கம் நின்று தள்ளிக்கொண்டு வந்தது. பயணிகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களை ஏற்றுகிறவன் எங்கே நிற்கிறான் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குகைக்குள் புகுந்தபோது புகை கண்ணை மறைத்தது. நான் கையைக் குவித்தேன்.

ஊர் திரும்பியபோது, அக்காளின் மகன், என் மருமகன், மலையில் பல் வைத்த இரும்பை ஏற்றும் அதே எண்ணத்தில் இருந்தான். தோட்டத்தை நடத்துவது அவன்தான். உரமூட்டையை முதுகில் வைத்து உச்சிவரை சுமக்கவும், பச்சைக் காயை மூட்டை மூட்டையாக இறக்கவும் இனி ஆள் கிடைக்காது என்று சரிவில் ஒரு சிறு ரயில் போடத் திட்டமிட்டிருந்தான். கேரளத்துப் பூப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து தங்கினார். மலையாளமும் தமிழும் கலந்து, குறைவாகவே பேசுகிறவர். அவர் கைப்பட இரண்டு மெல்லிய தண்டவாளங்களும், நடுவே வானத்தைப் பார்த்துப் பல் விரித்த ஒரு பட்டையுமாக, ஸ்டோரிலிருந்து நாவல் மரத்துக்கு இருபதடி கீழே வரை நேர்கோடாக இரும்பு ஏறிற்று. கீழ்ப்பக்கம் சின்னஞ்சிறு இஞ்சின், அதற்கு முன்னால் ஒரு தட்டுவண்டி, அவ்வளவுதான்.

தகவல் சிலமலைக்குப் போன அன்றே அக்காள் மகனைத் தொலைபேசியில் அழைத்துத் தன்னை அதில் ஏற்றச் சொன்னாளாம். அது மூட்டை ஏற்றுகிற வண்டி, மனிதர் ஏறக்கூடாது என்று அவன் மறுத்திருக்கிறான்.

"நானும் மூட்டைதானடா" என்றாளாம் அவள். "கம்பளியில கட்டித்தான எறக்குனீங்க. இப்ப ஏத்து."

அதன்பின் அவன் மெக்கானிக்கோடு கலந்து பேசினான். அவர் யோசித்து, சரிவுக்கு ஏற்றபடி பின்னே சாய்ந்த ஒரு நாற்காலியை வண்டியில் திருகாணியால் முடுக்கி, இடுப்புக்கும் மார்புக்கும் வார் வைத்தார். அவளுடைய எடைக்கு இரண்டு மடங்கு உரமூட்டையை ஏற்றிச் சோதித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லையென்றால் மட்டுமே அவளை ஏற்றுவது என்று பேச்சு முடிந்தது.

ஆடி மாதத்தின் ஒரு நல்ல நாளில் எல்லாரும் ஸ்டோரில் கூடினோம். அக்காளை ஜீப்பில் கொண்டுவந்து, முகப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சாரல் நின்றிருந்தது, மேகம் மட்டும் மரங்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்தது. எதையும் புதிதாகத் தொடங்கினால் பூசை போடாமல் எங்களால் தொடங்க முடியாது. இந்தக் குடும்பத்தில் அதைச் செய்கிற உரிமையும் பெருமையும் என்னுடையவை. மெக்கானிக் பெட்ரோல் வாங்கக் குரங்கணிக்கு இறங்கும்போது என்னிடம் வந்து, பட்டையின் பல்லில் மட்டும் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கல்லையும் குச்சியையும் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இறைவனுக்குப் படைக்கிற பொருள் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இஞ்சினுக்கும் தேங்காய்க்கும் சந்தனமும் குங்குமமும் இட்டேன். எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தின் கீழே வைத்தேன். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கக் கல் தேடினேன். பக்கத்தில் எல்லாம் ஈர மண். பல் பட்டை கண்ணில் பட்டது. அதைவிட உறுதியான இடம் எது? பட்டைக்கும் நேரடியாக அருள் கிடைக்கட்டும் என்று ஓங்கி அதன்மேலேயே அடித்தேன். காய் நன்றாகச் சிதறியது. நல்ல சகுனம் என்றார்கள். தோட்டத்துப் பெண்கள் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். வெள்ளை எல்லாம் போயிற்று. பழுப்பு நிறத்தை யாரும் தேடவில்லை.

பகலில் சோதனை ஓட்டம். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி நகர்ந்தது. பத்து முழம் ஏறியிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம்; இஞ்சின் குதித்தது; வண்டி பின்னோக்கிச் சரிந்து, தானியங்கிப் பிரேக் பிடித்து, குலுங்கி நின்றது. மேல் மூட்டை உருண்டு ஏலச்செடிகளுக்குள் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த மூட்டை இருந்த இடத்தில்தான் நாற்காலி இருந்திருக்கும் என்பதை எல்லாருமே பார்த்தோம்.

பற்றவைத்த இடத்தில் பல் சரியில்லை என்று என் மருமகன் மெக்கானிக்கிடம் கோபப்பட்டான். அவர் வண்டி மறைக்காத இடங்களில் மறுபடி மறுபடி பட்டையைத் தடவிப் பார்த்து, "பல்லு சாடியிருக்கு, சார். வேலையில ஒண்ணும் கொழப்பமில்ல" என்றார், சக்கரம் ஒரு பல் தாவிவிட்டது என்பதை அவர் பேச்சில் அப்படிச் சொன்னார். ஏன் தாவியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மழை வலுத்ததால் வண்டியை அடிவாரத்துக்கு இறக்கிவிட்டார்கள், மேற்கொண்டு தேடவும் முடியவில்லை. சொல்ல முடியாதவரின் வேலையில் தாயை ஏற்ற மாட்டேன் என்று மருமகன் முடிவாகச் சொன்னான். மழை விட்டதும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னான்.

அக்காள் மடியில் வைத்திருந்த திருநீற்றுப் பையை எடுத்து, உள்ளே கொண்டுபோய் வைக்கும்படி என்னிடம் நீட்டினாள்.

அன்றிரவு எல்லாரும் ஸ்டோரிலேயே தங்கினோம். மறுநாள் விடிந்ததும் நான் மட்டும் தண்டவாளத்தின் ஓரமாக ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது கேட்டால், தூக்கம் கலைந்துவிட்டது என்பேன். மேகம் தோட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஐந்து முழத்துக்கு அப்பால் உலகம் இல்லை. நிழல் மரங்களிலிருந்து நீர் சொட்டும் ஓசை, என்றோ எங்கோ பாடி முடிந்த பாட்டுக்கு இன்னும் யாரோ தாளம் போடுவதுபோல் இருந்தது. கீழே ஸ்டோர் மறைந்தது. மேலே மலை மறைந்தது. இரண்டுக்கும் நடுவே பல் விரித்த ஒரு கோடு மட்டும் என்னுடன் வந்தது. எங்கும் போகாத ஏணியில் ஏறுகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைவு அச்சம் தரவில்லை, இனிமையாக இருந்தது.

பத்தாம் முழத்தில் அதைக் கண்டேன். ஒரு பல்லின் இடுக்கில் தேங்காய் ஓட்டின் சில்லு ஒன்று நசுங்கி இறுகியிருந்தது. நான் உடைத்த இடத்திலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பல் சக்கரம் கீழே கவ்வி எடுத்து, சுற்றிச் சுற்றிச் சுமந்து, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறி, உயர்ந்து, அடுத்த பல்லைத் தவறவிட்டிருக்கிறது. ஓட்டின் ஓரத்தில் நான் இட்ட சந்தனம் மழையில் கரைந்தும் கரையாமலும் ஒட்டியிருந்தது.

விரலால் நெம்பி எடுத்தேன். செடிகளுக்குள் எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மெக்கானிக் போய்விடுவார், இரும்பைப் பிரித்துக்கொண்டு போவார், பூசை செய்தவன் பூசை செய்தவனாகவே இருப்பான். இப்படி நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். எத்தனை ஆண்டுகள் பாடியிருக்கிறேன், எத்தனை சந்நிதிகளில் கண்ணீர் விட்டிருக்கிறேன்! அந்தப் பாடல்கள் எல்லாம் என் நாக்கில் உருண்டு போனவைதாம், ஒரு பல்லிலும் பதியவில்லை என்று அந்த மேகத்துக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது. அதிகநேரம் நின்றிருக்க வேண்டும். தோள் முழுவதும் நனைந்திருந்தது.

பிறகு இறங்கினேன். ஸ்டோர் முகப்பில் அக்காள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மருமகன் பக்கத்தில் நின்றான். மெக்கானிக் சற்றுத் தள்ளித் தம் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். சில்லை மருமகனின் கையில் வைத்தேன்.

"நான் பட்டையிலேயே காய் உடைச்சேன் மாப்ளே. அவரு வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அவரு வேலையில குத்தமில்ல."

அவன் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைக் கடிந்துகொள்ள அவனுக்கு வயது இடம் கொடுக்கவில்லை. மெக்கானிக்கிடம் போய் முந்தின நாள் பேச்சுக்கு வருத்தம் சொன்னான். அவர் சில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, சாக்கில் கட்டிய கருவிகளை மறுபடியும் பிரிக்கத் தொடங்கினார். அக்காள்தான் பேசினாள்.

"எங்கயாச்சும் மெத்துன்னு எடம் கெடச்சா பிள்ளையார் கோவிச்சுக்குவாருன்னு பல்லுலயே போட்டியாக்கும்" என்றாள். "நல்லவேளை, அவரோட தந்தத்துல ஒடைக்கல."

மெக்கானிக் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, அந்தத் திருநீற்றுப் பையை எங்கே வைத்தாய், கொண்டா என்றாள்.

பட்டை முழுவதையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவினார்கள். மூட்டைகள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கின. அதன்பிறகே அக்காளை நாற்காலியில் அமர்த்தி வார்களை மாட்டினார்கள். இரும்பு போகும் வழி நேர்வழி. அது அந்தப் பதினோரு பாறைகளில் ஒன்றின் பக்கமும் போகாது, ஒற்றையடிப் பாதையை மூன்றே இடங்களில் வெட்டிக்கொண்டு போகும். பாறை இல்லாமல் எங்கே நிறுத்திப் பாடுவது என்று கேட்டேன். அவள் வேண்டுமானால் வண்டியில் வரட்டும், நான் பாதையில் நடந்து பாறைதோறும் அவள் சார்பாகப் பாடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் விட்டத நீ எடுப்பியா?" என்றாள். "நிறுத்தவே வேணாம். போகப் போகப் பாடிக்கிறேன்."

வண்டி ஏறியது. மனிதன் நடக்கிற வேகம்தான். நான் பக்கவாட்டில் நடந்தேன். மெக்கானிக் இஞ்சினோடு நடந்தார். கீழேயிருந்து தள்ளப்பட்டு, முகம் மேலே நோக்க, அவள் மேகத்துக்குள் போனாள். முதல் வெட்டில் வாரை இறுகப் பற்றியிருந்தாள். இரண்டாம் வெட்டைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் வெட்டு அவள் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே. அங்கே, மூன்று ஆண்டுகளாக மூடியிருந்த குரல் திறந்தது.

முதல் அடி கரகரத்தது, எனக்கே கேட்கவில்லை. பல் சக்கரம் கடகடவென்று ஒரே கதியில் பதிந்துகொண்டிருந்தது. அவள் எப்போதும் இழுத்து இழுத்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பாடுகிறவள். நிற்கப் பாறை இருந்ததால் வந்த பழக்கம் அது. இப்போது நிற்பதற்கு இடமில்லை. குரல் மெல்ல மெல்ல இரும்பின் கதிக்கு வந்தது. ஒவ்வொரு சீரும் ஒரு பல்லில் போய் அமர்ந்தது. ஒன்பதாம் பாட்டு, இடைவெளியே இல்லாமல் பத்தாம் பாட்டு, பதினொன்று. அந்தப் பதிகத்தை நான் அறுபது ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருபோதும் கேட்டதில்லை. பக்கத்தில் சேர்ந்து பாட வாய் திறந்தேன். ஏற்றத்தில் என் மூச்சு வாங்கிற்று. அடங்கிவிட்டேன்.

நாவல் மரம் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வருவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிட்டது. மிச்சத் தூரமெல்லாம் இரும்பின் ஓசை மட்டுமே. மேலே வண்டி நின்றது. மகனும் நானும் அவளைத் தாங்கி இருபதடி நடத்திக்கொண்டு போனோம். விளக்கு வைத்தாள். திருநீறு பூசிக்கொண்டாள். பாடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஒருத்தி சந்நிதியில் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. வேண்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இறங்கும் நேரம் வந்தது. போகிற திசையைப் பார்த்து அவள் உட்கார நாற்காலியைத் திருப்பிவிடலாம் என்றான் மகன். மெக்கானிக் கூடாது என்றார். திருப்பினால் சரிவில் முன்னால் கவிழ்ந்துவிடுவாள். ஏறும்போது எப்படி இருந்தாளோ அப்படியே, மேலே பார்த்தபடிதான் இறங்க வேண்டும். இந்த மாதிரிப் பாதையில் வண்டி திரும்புவதே கிடையாது என்றார். அவருக்கு அது இரும்பின் சட்டம். அக்காளுக்கோ அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. சந்நிதிக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து விலகுவது எங்கள் முறை. கோயிலில் வாசற்படி வரைதான் அப்படி நடக்க முடியும். மலையில் அதுகூட முடியாது, இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பித்தான் ஆகவேண்டும். நடந்து ஏறிய காலமெல்லாம் அவளும் அப்படித் திரும்பித்தான் இறங்கியிருக்கிறாள்.

அவள் கேட்டது ஒன்றுதான்: "அடிவாரம் வரைக்கும் இப்படியேவா?"

"அடிவாரம் வரைக்கும் இப்படியேதான் அம்மா."

வண்டி கிளம்புவதற்கு முன்னதாகவே நான் பாதையில் இறங்கத் தொடங்கினேன். கால் வழுக்காமல் தரையையே பார்த்து, முதுகை இறைவனுக்குக் காட்டிக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கினேன். இரும்பு பாதையை வெட்டும் இடத்தில் நின்று நிமிர்ந்தேன். மேகத்திலிருந்து வண்டி பின்பக்கமாக இறங்கி வந்தது. கூப்பிய கையோடு, இமைக்காத கண்ணோடு, மேலே இருந்த மரத்தையும் மரத்தடியையும் பார்த்தபடியே அவள் வந்தாள். மரம் மேகத்தில் மறைந்த பிறகும் அந்தப் பார்வை இறங்கவில்லை. கையெட்டும் தூரத்தில் என்னைக் கடந்து கீழே போனாள். என்னைப் பார்க்கவில்லை.